புத்தகத்தை மூடினால்தான் பாடம் ஏறும், தெரியுமா?

அமெரிக்காவின் ஹார்வர்டில் ஒரு சோதனை நடந்தது. கேட்டால் அசந்துபோவீர்கள்! முதலாண்டு மாணவர்கள் 1,500 பேர் கையில் ஒரு வரலாற்று நூலின் முப்பது பக்க அத்தியாயத்தைக் கொடுத்தார்கள். படிக்கச் சொல்லி, பாதியிலேயே நிறுத்தி, இதுவரை என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார்கள். அநேகமாக எல்லோரும் முதல் வரியில் தொடங்கி, வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். படித்த வரையில் விவரக் கேள்வி கேட்டால் பதில் டக்டக்கென்று வந்தது. "சரி, இந்த அத்தியாயம் மொத்தத்தில் என்னதான் சொல்கிறது? சுருக்கமாக எழுதுங்கள்" என்றபோது எழுத முடிந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 15 பேர்! நூற்றுக்கு ஒருவர்!

இத்தனைக்கும் அத்தியாயத்தின் கடைசியில் மொத்த விஷயமும் தொகுத்து அச்சாகியிருந்தது. ஒரே ஒரு முறை கடைசிப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். ஹார்வர்டில் மாணவர்களின் படிப்புக்கு வழிகாட்டும் பிரிவை நடத்திய வில்லியம் பெர்ரி 1959-இல் இதை எழுதினார். அவர் கண்டது சோம்பலை அல்ல. பள்ளியில் ஊறிப்போன கீழ்ப்படிதலை. முதல் பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

சரி, வேறு எப்படிப் படிப்பது? ஆய்வுக் கட்டுரையை மூன்று தடவை வரை படிக்கலாம், அதுவும் முதல் தடவை பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது என்று ஒரு கணினிப் பேராசிரியர் சொன்னது தெரியுமா? ஸ்ரீனிவாசன் கேசவ், 2007-இல். தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை, கடைசியில் இருக்கும் நூற்பட்டியல். முதல் சுற்றில் அவ்வளவுதான். சமன்பாடு பக்கம் தலைகூடத் திருப்பக் கூடாது! இரண்டாம் சுற்றுக்கு ஒரு மணி நேரம். மூன்றாம் சுற்று புதியவருக்கு நான்கைந்து மணி நேரம் இழுக்கும். பல கட்டுரைகள் முதல் சுற்றோடு நின்றுவிடும். அதில் குற்றவுணர்ச்சி வேண்டியதே இல்லை.

தலைப்பு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? 1972-இல் பிரான்ஸ்ஃபோர்ட், ஜான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார்கள். பொருட்களைக் குவியல் குவியலாகப் பிரி, ஒரே சமயத்தில் அதிகம் போடாதே என்று போகும் அது. எளிய சொற்கள்தான், ஒன்றும் புரியாது. "துணி துவைப்பது பற்றி" என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு நினைவில் வைத்திருந்தார்கள். கேட்டு முடித்த பிறகு தலைப்பைச் சொன்னால்? ஒரு பிரயோஜனமும் இல்லை! ரயில் போன பிறகு டிக்கெட் வாங்கிய கதைதான்.

எல்லாவற்றையும் மிஞ்சிய அதிசயம் இனிமேல்தான். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. கடல் நீர்நாய் பற்றி ஒன்று, சூரியனைப் பற்றி ஒன்று என்று சின்னச் சின்னப் பகுதிகள். ஒரு குழு நான்கு அமர்வுகளிலும் படித்தது, படித்தது, படித்துக்கொண்டே இருந்தது. சராசரியாக 14 தடவை! இன்னொரு குழு ஒரே ஒரு அமர்வில் மூன்று நான்கு தடவை படித்துவிட்டுத் தாளை மூடியது. அடுத்த மூன்று அமர்விலும் வெற்றுத் தாளில் நினைவுக்கு வந்ததை எல்லாம் எழுதியது. நடுவில் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால். 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் போகட்டும்... எல்லாம் தலைகீழ்! படித்தவர்களிடம் எஞ்சியது 40 சதவீதம். எழுதியவர்களிடம் 61! வயிற்றைப் பிசைவது இன்னொன்று: எனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் அந்த 14 தடவைக்காரர்கள்தான். பழகிப்போன வரி கண்ணுக்குச் சுலபமாக வழுக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சுலபத்தைத்தான் மனம் "தெரிந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறது.

அப்படியென்றால் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? அதே பல்கலைக்கழகத்தில் 177 பேரைக் கேட்டார்கள். 84 சதவீதம் பேர் திரும்பப் படிப்பவர்கள். படித்ததை மூடிவைத்து நினைவுபடுத்திப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 11 சதவீதம் மட்டுமே.

இதைப் படித்த அன்று நான் பரீட்சைக் காலத்து என் ஜெராக்ஸ் கட்டுகளை நினைத்துக்கொண்டேன். ஸ்பைரல் போட்ட கட்டு, பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர். எது முக்கியம் என்று கோடு போட ஆரம்பித்து, கோடு போடாத வரிதான் அபூர்வம் என்று ஆகியிருக்கும். அன்று ராத்திரியே சோதித்துப் பார்த்தேன். நான்கு பக்கக் கட்டுரை ஒன்றைப் படித்து, கவிழ்த்து வைத்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்புறம் எழுத உட்கார்ந்தேன். மூன்று வரி வந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. உண்மையாகவே வியர்த்தது. மறுபடி திறந்தபோது, விட்டுப்போன இடங்கள் எல்லாம் முகத்தில் அறைந்தமாதிரி தெரிந்தன. அந்த இடங்களை இன்றைக்கும் மறக்கவில்லை.

இன்னும் ஒன்று. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் ராபின்சன் 1946-இல் வெளிவந்த தன் நூலில் ஐந்து படிகளை வைத்திருந்தார். மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, படி, சொல்லிப் பார், திரும்பிப் பார். நான்காவது படிக்கு என்ன விளக்கம் தெரியுமா? புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, உன் கேள்விக்கு உன் சொந்தச் சொற்களில் பதில் சொல். செயின்ட் லூயிஸ் ஆய்வு வெளிவருவதற்கு அறுபது வருஷம் முன்பே!