உயில் எழுதாமல் போனால் வீடு யாருக்கு?

"எனக்கு அப்புறம் எல்லாம் உனக்குத்தானே" என்று கணவர் சொல்வார். மனைவியும் அதை நம்பிக்கொண்டு இருப்பார். பினாங்கில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் சொத்துத் திட்டம் இந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்தை 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளை இல்லாத தம்பதி, ஆனால் கணவரின் பெற்றோர் இருக்கிறார்கள் என்றால் பாதி மனைவிக்கு, பாதி மாமனார் மாமியாருக்கு.

இதை ஒரு வீட்டில் பொருத்திப் பாருங்கள். ஜெலுத்தோங்கில் 4 லட்சம் ரிங்கிட் பெறும் ஒரு வீடு. இறந்தவருக்கு வேறு சொத்து இல்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார் இருக்கிறார்கள். மனைவிக்கு 1 லட்சம், பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1 லட்சம், தாயாருக்கு 1 லட்சம். அந்தத் தாயாரும் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தால், அவருடைய பங்கில் கணவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும் வாரிசாக வந்து நிற்பார்கள். முப்பது வருடம் அந்த வீட்டில் சமைத்து வாழ்ந்த பெண், வீட்டை விற்பதற்கு மைத்துனர்களின் கையெழுத்தைக் கேட்க வேண்டியிருக்கும். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. உயில் இல்லாததால் வந்த வினை இது.

இதைவிடக் கடினமான நிலை ஒன்று உண்டு. கோயிலில் தாலி கட்டி, ஊரறியக் குடும்பம் நடத்தி, பதிவு மட்டும் செய்யாமல் விட்ட தம்பதிகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். திருமணம், மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்குப் பிறகு நடந்த பதிவில்லாத திருமணத்தில் கணவர் உயிலின்றி இறந்தால், தான் சட்டப்படி மனைவி என்பதை நிலைநாட்டவே அந்தப் பெண் வழக்காட வேண்டிவரும். பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாகும். உயில் இருந்தால், பெயர் குறிப்பிட்டு "இன்னாருக்கு" என்று எழுதியதே போதும். திருமணச் சான்றிதழைத் தேட வேண்டியதில்லை. பதிவு செய்யாத தம்பதிகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. முதலில் பதிவு செய்யுங்கள், கையோடு உயிலையும் எழுதுங்கள்.

இந்த வரிசை முக்கியம். 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, உயில் எழுதிய பிறகு ஒருவர் திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் செல்லாமல் போகும். நடக்கவிருக்கும் குறிப்பிட்ட திருமணத்தை மனத்தில் வைத்து எழுதுவதாக உயிலிலேயே சொல்லியிருந்தால் மட்டும் விலக்கு. மணவிலக்கு அப்படி ரத்து செய்வதில்லை. ஆகவே பிரிந்துபோன மனைவியின் பெயர் பழைய உயிலில் இருந்தால் அது அப்படியே நிற்கும்.

எழுதுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 18 வயது நிறைந்து, தெளிந்த புத்தி இருந்தால் போதும். கையால் எழுதலாம், தட்டச்சு செய்யலாம். முடிவில் கையெழுத்திட வேண்டும். அப்போது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும், பிறகு அவர்களும் உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். பதிவோ முத்திரைத் தீர்வையோ கட்டாயம் இல்லை. பலர் சறுக்குவது சாட்சியில்தான். சொத்துப் பெறுகிற மகளையோ, அவருடைய கணவரையோ சாட்சியாக்கினால் உயில் செல்லும், ஆனால் அந்த மகளுக்கு எழுதியது செல்லாது. பக்கத்து வீட்டுக்காரரையும் அலுவலக நண்பரையும் கூப்பிடுங்கள்.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். நேர்மையானவராக, உங்களைவிட இளையவராக இருப்பது நல்லது. அவர் முடியாமல் போனால் யார் என்றும் சேர்த்து எழுதுங்கள். பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் அவர்களுக்குப் பாதுகாவலர் யார், பணத்தைக் காப்பவர் யார் என்பதும் வேண்டும். கடைசியாக, பட்டியலில் விட்டுப்போனவை யாருக்கு என்று ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டால், எழுத மறந்த நிலமும் பின்னால் சேர்ந்த சேமிப்பும் மறுபடி 1958ஆம் ஆண்டுச் சட்டத்திடமே போகும். உயில் இருந்தால் பொறுப்பாளர் லைட் தெருவிலுள்ள உயர்நீதிமன்றத்தில் அனுமதி பெற்று வேலையைத் தொடங்கலாம். உயில் இல்லாமல் அங்கே போகிற குடும்பம் பொதுவாக ஜாமீன்தாரர்களைத் தேட வேண்டியிருக்கும். சொத்துள்ள இருவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது எவ்வளவு சங்கடம்!

மனத்தில் உள்ளதையெல்லாம் எழுதிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். பினாங்கைச் சேர்ந்த ஒரு சீனப் பெண்மணி, தனக்கும் தன் கணவருக்கும் முன்னோர் வழிபாடு நடத்த ஒரு வீட்டை ஒதுக்கி உயில் எழுதினார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1875இல் தீர்ப்பு வந்தது: அந்த வழிபாட்டால் பயன் குடும்பத்துக்கே, பொதுமக்களுக்கு இல்லை, ஆகவே அதை அறக்கொடையாகக் கருதி ஒரு சொத்தை என்றென்றைக்கும் பூட்டி வைக்க முடியாது. கந்தூரிக்காக எழுதிய சொத்துகளும் அந்தக் காலத்தில் இதே காரணத்தால் செல்லாமல் போயின. வருடந்தோறும் என் திதிக்கு இந்தக் கடை வாடகை என்று எழுத நினைப்பவர்கள் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது. தண்ணீர்மலை முருகனுக்குக் கொடுக்க விரும்பினால், வெறுமனே "கோயிலுக்கு" என்று எழுதாமல், அதை நிர்வகிக்கும் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் பெயரைச் சரியாக எழுதுங்கள்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்த உயில் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு ஃபராயித் என்ற இஸ்லாமியப் பங்கீடு. வசியத் என்னும் உயில் செய்வதானால் மூன்றில் ஒரு பங்கு வரை, அதுவும் வாரிசு அல்லாதவர்களுக்கு.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, உயிலுக்கு வெளியே நிற்கும் பணமும் உண்டு. இபிஎஃப் சேமிப்பு நீங்கள் அங்கே நியமித்தவருக்குத்தான் போகும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்திருந்தால், இன்றே போய்ப் பாருங்கள். காப்பீட்டிலும் மனைவியையோ பிள்ளையையோ நியமித்தால் பணம் நேராக அவர்களுக்கே. இருவர் பெயரிலும் உள்ள வீடு தானாக மற்றவருக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் தவறு. இந்நாட்டு நிலச் சட்டத்தில் இறந்தவரின் பங்கு அவருடைய சொத்தாகவே நின்று, வாரிசுகளுக்குப் போகும். அதையும் உயிலில் எழுதியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் பூர்வீக நிலம் வைத்திருப்பவர்கள் அதற்கென்று அங்கே தனி உயில் எழுதுவது நல்லது. எழுதும்போது ஒரு வரியைக் கவனியுங்கள். "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்று மாதிரிப் படிவத்தில் வழக்கமாக இருக்கும். அதை அப்படியே விட்டால், பினாங்கு வீட்டுக்காக எழுதிய உயிலும் ரத்தாகிவிடக்கூடும். இந்தியச் சொத்தைப் பற்றிய முந்தைய உயில்களை மட்டும் என்று திருத்தச் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் மூல உயில் எங்கே இருக்கிறது என்று பொறுப்பாளரிடம் சொல்லிவையுங்கள். வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, பெட்டகத்தைத் திறக்கும் உரிமை உங்களுக்கு மட்டுமே இருந்தால், அவர் உயிலை எடுக்கவே அலைய வேண்டிவரும்.