பாட்டியின் முகம் ஏன் இருட்டாக விழுகிறது?

தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பங்களில் ஒருவர் இறந்துவிட்டால், மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று வீட்டில் அலைவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். யாருடைய கல்யாண ஆல்பத்திலோ பின்வரிசையில் நிற்கும் தலையை வெட்டியெடுத்து, பெரிதாக்கிச் சட்டம் போடுவார்கள். என் தாத்தாவுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர், யாரோ அதட்டியதுபோல விறைத்த பார்வையோடு ரவாங்கில் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறார்.

இன்று வீட்டுக்கு நான்கு திறன்பேசி. படத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் வரும் பாட்டி படங்களைக் கொஞ்சம் பாருங்கள். பாதிப் படங்களில் வெளுத்த வானத்துக்கு முன்னால் ஒரு கறுத்த உருவம். மீதிப் படங்களில் சுருக்கமே இல்லாத, மாவு பூசியது போன்ற ஒரு முகம். இரண்டுமே பாட்டி இல்லை.

முதல் வகைக்குக் காரணம் எளிது. ஒரு காட்சியில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று கேமரா மொத்தமாகக் கணக்குப் போட்டு, அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வானம் பளிச்சென்று இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். புதிய திறன்பேசிகள் முகத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முயன்றாலும், மாநிறமோ கறுப்போ ஆன முகத்தில் அடிக்கடி தடுமாறுகின்றன. நீங்கள் செய்ய வேண்டியது, திரையில் முகத்தின்மேல் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடிப்பது. குவியமும் வெளிச்சமும் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மெல்ல மேலே தள்ளுங்கள். வானம் வெளுத்துப் போனால் போகட்டும். நமக்கு வேண்டியது வானமா, பாட்டியா?

இரண்டாவது வகை, அழகூட்டும் வசதி செய்யும் வேலை. பல திறன்பேசிகளின் முன்பக்கக் கேமராவில் நாம் கேட்காமலேயே அது இயங்கிக்கொண்டிருக்கும். அமைப்புகளில் தேடி முதலில் அதை அணைத்துவிடுங்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. அதற்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. வண்ணப் படச்சுருள் காலத்தில், கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர். கறுத்த முகங்கள் விவரமில்லாமல் விழுந்தது நெடுங்காலம் யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. சாக்லேட் நிறுவனங்களும் மரத்தளவாட நிறுவனங்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகே படச்சுருளில் மாற்றம் வந்தது. 2021இல் கூகள் தன் பிக்சல் 6 திறன்பேசியில் கறுத்த நிறத்தையும் உள்ளபடி காட்டும் வசதியைச் சேர்த்து, அதைப் பெரிய செய்தியாகவே விளம்பரப்படுத்தியது. அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

விலை உயர்ந்த திறன்பேசி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நல்ல வெளிச்சம் இலவசம். வீட்டு அஞ்சடியில், கூரை நிழல் முடிந்து வெயில் தொடங்கும் கோட்டுக்கு ஓரடி உள்ளே நாற்காலியைப் போட்டு, வெளியே பார்க்கும்படி பாட்டியை உட்கார வையுங்கள். முகத்தில் மென்மையான ஒளி விழும், பின்னணி தானே இருண்டுவிடும். வெயிலில் நிறுத்துவதானால் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5.30க்குப் பின்பும் எடுங்கள். 1982 ஜனவரி முதல் நாள் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து, இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணிக்கு மேல்தான். அந்நேரத்தில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் தெரியும். நெருங்கிப் போய்ச் சாதாரண லென்சில் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும். இரண்டடி பின்னால் வந்து 2 மடங்கு உருப்பெருக்கத்தில் எடுத்தால் முகம் முகமாக இருக்கும். எடுப்பதற்கு முன் லென்சைச் சட்டைத் துணியில் ஒருமுறை துடைப்பதையும் மறக்காதீர்கள்.

படம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். மங்கு, காண்டா வாளி, பெரட்டுக்களம் என்ற சொற்களை என் தங்கை பாட்டியின் வாயிலிருந்துதான் முதலில் கேட்டாள். அதைப் பதிவு செய்யக் காணொளி வேண்டும். காணொளியில் படத்தைவிட ஒலிதான் அதிகம் ஏமாற்றும். இரண்டு திறன்பேசிகள் இருந்தால் ஒன்றை நிலையாக நிறுத்திப் படம் எடுங்கள். இன்னொன்றில் ஒலிப்பதிவை இயக்கிப் பாட்டியின் மடியில் வைத்துவிடுங்கள். பிறகு இரண்டையும் ஒட்டிக்கொள்ளலாம். காற்றாடியை நிறுத்துங்கள், அழைப்பு வராதபடி விமான நிலைக்கு மாற்றுங்கள். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மிகக் கடினம். பாட்டி ஒரு பதிலை முடித்துவிட்டு, நான்கைந்து விநாடி கழித்துத்தான் உண்மையான கதையைத் தொடங்குவார்.

கோயில் திருவிழாவில் எடுத்த காணொளியில் வண்ண விளக்குகளுக்குக் குறுக்கே கறுப்புக் கோடுகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதனால் பல விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கேமராவின் வேகம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் கோடு விழும். கைமுறைக் கட்டுப்பாட்டில் மூடியின் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்து, விநாடிக்கு 25 சட்டகம் எடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். சொல்லப்போனால் மின்விளக்குக்கும் எங்கள் ஊருக்கும் பழைய உறவு. 1894இல் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவியதிலிருந்துதான் இந்நாட்டு மின்சார வரலாற்றையே தொடங்குகிறார்கள்.

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே ஆலோசனை: திறன்பேசியைப் பைக்குள் வையுங்கள். பெரெம்பாங் மரங்களில் அவை ஒன்றாகக் கண்சிமிட்டும் வெளிச்சம் மிகச் சிறியது. அதைப் பிடிக்கக் கேமரா பல விநாடி அசையாமல் இருக்க வேண்டும். ஆடும் படகில் அது நடக்காது. பிளாஷ் போட்டால் மின்மினிக்கும் தொல்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் தொல்லை.

முடிந்தால் பாட்டியை அவர் வேலை செய்த தோட்டத்துக்கே அழைத்துப் போய் எடுங்கள். லயங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனையோ புது வீடமைப்போ இருக்கலாம். இருந்தாலும் எந்த மூலையில் குழாய் இருந்தது, எங்கே கோயில் இருந்தது என்று அவர் கைநீட்டுவார். அந்தக் கை சட்டகத்துக்குள் விழும்படி சற்று அகலமாக எடுங்கள். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் தென்னமரம் என்ற பெயரிலேயே ஒரு தோட்டம் உண்டு. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்ட இடம் அது. பெயரில் தென்னை, நட்டது செம்பனை!

எடுத்ததைப் புலனத்தில் அப்படியே அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். 4கே தரத்தில் ஒரு நிமிடமே 170 மெகாபைட்டைத் தாண்டலாம் என்பதால், பேட்டிக்கு 1080 தரமே போதும். ஒரு பிரதியைக் கணினியிலும் இன்னொன்றைத் தனி வன்வட்டிலும் வையுங்கள். கோப்பின் பெயரில் பாட்டியின் முழுப்பெயர், தோட்டம், டிவிஷன், எடுத்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் இரண்டு விதமாகவும் எழுதிவிடுங்கள். 2007க்குப் பிறகு வரைபடத்தில் பெஸ்தாரி ஜெயாதான் இருக்கிறது, பாட்டியின் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.