வானத்திலும் வழி காட்டும் மேப் சாப்ட்வேர்: எல்லை தாண்டாமல் பறப்பது எப்படி?

காரில் வழி காட்டும் நகரும் மேப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் சிறு விமானம் ஓட்டுபவர்கள் இதே வகை சாப்ட்வேரை ஐபேடில் போட்டுக் கொண்டு பறக்கிறார்கள். அங்கு பலரும் பயன்படுத்துவது ஸ்கைடெமான். வீட்டுக் கம்ப்யூட்டரில் பாதையைத் திட்டமிட்டு, பின்னர் அதையே டேப்ளட்டில் திறந்து கொள்ளலாம்.

காரில் வழி தவறினால் ஒரு யு டர்ன் போதும். வானத்தில் கதை வேறு. ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் போன்ற விமான நிலையங்களைச் சுற்றிக் கட்டுப்பாட்டு வான்வெளி உண்டு. அனுமதி பெறாமல் ஒரு சிறு விமானம் உள்ளே நுழைந்து விட்டால், பயணிகள் விமானங்களைத் திசை திருப்ப வேண்டி வரும். சில நேரம் புறப்பாடுகளையே நிறுத்தி வைப்பார்கள். நுழைந்தவரின் லைசென்சும் தற்காலிகமாகப் பறிபோகலாம்.

ஜி.பி.எஸ். கையில் இருந்தும் ஏன் இப்படி நடக்கிறது? முக்கியமான காரணம் உயரம். இந்த வான்வெளி, கொலுப்படியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். விமான நிலையத்தின் அருகே தரையைத் தொடும். விலகிச் செல்லச் செல்ல அதன் அடிப்பகுதி மேலே போய்விடும். லண்டனைச் சுற்றிப் பல இடங்களில் அது 2,500 அடியிலேயே தொடங்குகிறது. ஸ்கிரீனோ தட்டையானது. மேப்பில் பாதை சரியாக இருக்கும்போதே, நூறு அடி கூடுதலாக ஏறினால் நீங்கள் உள்ளே!

ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தையும் அப்படியே நம்பக் கூடாது. வான்வெளியின் எல்லைகள், காற்றழுத்தத்தால் இயங்கும் ஆல்டிமீட்டரின் கணக்குப்படி அமைந்தவை. அந்த ஆல்டிமீட்டரில் அழுத்தத்தை 10 ஹெக்டோபாஸ்கல் தவறாக வைத்தால், ஏறத்தாழ 270 அடி பிசகும்.

இனி செட்டிங்ஸ் பக்கம் வருவோம். ஸ்கிரீனில் கோடுகள் அதிகமாக இருக்கிறதே என்று, குறிப்பிட்ட உயரத்திற்கு மேலுள்ள வான்வெளியைச் சிலர் மறைத்து விடுவார்கள். பிறகு அந்த உயரத்திற்கே ஏறினால் என்ன ஆகும்? எச்சரிக்கை ஒலியையும் தொந்தரவு என்று நிறுத்தி விடாதீர்கள். வான்வெளித் தகவல்கள் 28 நாட்களுக்கு ஒரு முறை மாறும். விமான சாகச நிகழ்ச்சி போன்றவற்றிற்கான தற்காலிகத் தடைகளை நோட்டாம் என்ற அறிவிப்பில் வெளியிடுவார்கள். எனவே புறப்படும் நாளன்று இன்டர்நெட்டில் அப்டேட் செய்தே ஆக வேண்டும். வெயிலில் டேப்ளட் சூடேறி அணைந்து போவதும் உண்டு. காகித மேப் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

அங்கே 'டேக் டூ' என்றொரு பழக்கத்தைப் பரப்பி வருகிறார்கள். எல்லையிலிருந்து பக்கவாட்டில் 2 கடல் மைல், உயரத்தில் 200 அடி விலகிப் பறக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் பாதை போடும்போதே இந்த இடைவெளியை விட்டு விட்டால், பறக்கும்போது ஸ்கிரீனையே உற்றுப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். கண்ணாடிக்கு வெளியே பார்க்கலாம்.

விமானம் இல்லாதவர்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரை இத்தகைய மேப் சாப்ட்வேர்களுடன் இணைக்க வசதி உள்ளது. ஸ்டான்ஸ்டெட் அருகே ஒரு பாதையைப் போட்டு, படியின் அடியில் பறந்து பாருங்கள்.