எழுத்தெண்ணி மொழியறிதல்

ஒரு நூலை ஐயந்திரிபறக் கற்றவரை ‘எழுத்தெண்ணிப் படித்தவர்’ எனப் பாராட்டுதல் தமிழ் வழக்கு. அவ்வாறு பாராட்டப்பெற்றோருள் எவரும் ஏட்டிலுள்ள எழுத்துகளை உண்மையில் தொகையிட்டவரல்லர். ஓரெழுத்தும் விடாது பொருளுணர்ந்து ஓதினர் என்பதே அதன் கருத்து. ஆயின், பொருள் சிறிதும் உணராது, எழுத்துகளை மெய்யாகவே எண்ணி, அவ்வெண்ணிக்கை ஒன்றையே கருவியாகக் கொண்டு ‘இவ்வுரை இன்ன மொழியினது’ எனத் துணியும் முறையொன்று கணிப்பொறித் துறையில் நிலைபெற்றுள்ளது. இணையத்தில் வந்து சேரும் எழுத்துக் குவியல் முதற்கண் இம்முறையாலோ இதன் வழிவந்த முறைகளாலோதான் மொழிவாரியாகப் பகுக்கப்படுகிறது. தேடுதலும், மொழிபெயர்த்தலும், சொல்லடைவு தொகுத்தலும், கணிப்பொறிக்கு மொழி பயிற்றுதலும் அப்பகுப்பின் பின்னரே நிகழ்வன. பகுப்பில் நேர்ந்த பிழை, பின்னர் நிகழ்வன அனைத்தினும் உடன் செல்லும். அப்பிழை எல்லா மொழிகளையும் ஒருபடித்தாகத் தாக்குவதில்லை. சிறுதொகையினர் பேசும் மொழிகளின் மீதே பெரிதும் விழுகிறது. அஃது ஏன் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்துகள் பயின்றுவரும் அளவு ஒரு மொழியின் அடையாளம் ஆகும் என்னும் கருத்துப் புதியதன்று. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்-கிந்தி, மறைகுறியால் எழுதப்பட்ட முடங்கலைப் படித்தறிவதற்கு, அம்மொழியில் மிகுதியாகப் பயிலும் எழுத்து எது, அதற்கடுத்தது எது என எண்ணி ஒப்பிடும் வழியை எழுதிவைத்தார். உருசிய நாட்டுக் கணித அறிஞர் மார்க்கோவ் 1913ஆம் ஆண்டில் புஷ்கினது ‘எவ்கேனி ஒனேகின்’ என்னும் காவியத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் உயிர் 8,638 எனவும் மெய் 11,362 எனவும் கணக்கிட்டார். அவர் அதனோடு அமையவில்லை. உயிரை அடுத்து மீண்டும் உயிர் வருதல் நூற்றுக்கு ஏறத்தாழ 13 இடங்களிலும், மெய்யை அடுத்து உயிர் வருதல் நூற்றுக்கு ஏறத்தாழ 66 இடங்களிலும் நிகழ்வதைக் கண்டார். ஓரெழுத்து வருதற்குரிய வாய்ப்பை அதற்கு முன்நின்ற எழுத்து மாற்றுகிறது என்பது இதனாற் போந்த உண்மை. காவியச் சுவையில் தோய்ந்தார்க்கு இச்செயல் சற்று வருத்தந் தரலாம். ஆயினும் இற்றை நாள் மொழிக்கணிப்பு முழுதும் இவ்வெண்ணிக்கையின் வழித்தோன்றலே. பின்னர் அமெரிக்க அறிஞர் ஷானன் 1948ஆம் ஆண்டில், ஆங்கிலத்தில் மும்மூன்று எழுத்துகள் தொடர்ந்து வரும் அளவை மட்டும் பின்பற்றி எழுத்துகளைக் கோத்தால், பொருளற்றதாயினும் ஆங்கிலச் சாயல் உடையதொரு தொடர் பிறக்கும் எனக் காட்டினார்.

இவ்வெண்ணத்தை மொழியறிதற்கு எளிய கருவியாக்கித் தந்தவருள் காவ்நர், டிரெங்கிள் என்னும் இருவர் குறிப்பிடத்தக்கவர். அவர்தம் கட்டுரை 1994ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் காட்டும் வழி இது: ஒவ்வொரு மொழிக்கும் ஓர் உரைப்பகுதியை எடுத்து, அதன்கண் தொடர்ந்து வரும் ஓரெழுத்து, ஈரெழுத்து, மூவெழுத்து எனத் தொடங்கி ஐந்தெழுத்துவரை அமைந்த கோவைகளை எல்லாம் எண்ணுதல் வேண்டும். சொல்லின் தொடக்கத்தும் இறுதியினும் உள்ள வெற்றிடமும் ஓர் எழுத்தாகவே கொள்ளப்படும். மிகுதியாக வருவன முன்னும் குறைவாக வருவன பின்னுமாக வரிசைப்படுத்தின், முதல் 300 அளவினவாகிய கோவைகள் அம்மொழிக்கே உரிய முகவரிபோல நிற்கும். ஐயத்திற்குரிய உரைக்கும் இவ்வாறே ஒரு வரிசை செய்து, இரண்டையும் ஒப்பிடுக. ஒரு கோவை மொழிவரிசையில் 2ஆம் இடத்தும் உரைவரிசையில் 7ஆம் இடத்தும் நின்றால் விலகல் 5. மொழிவரிசையில் அஃது இல்லையேல் பெரியதொரு தொகையைத் தண்டமாகக் கூட்டுக. விலகல் தொகை எம்மொழியொடு ஒப்பிடும்போது மிகக் குறைவோ அதுவே விடை. இணையவழிச் செய்திக்குழுக்களின் கட்டுரைகளை இம்முறையால் பகுத்தபோது நூற்றுக்கு 99.8 சரியாக அமைந்தன என அவர்கள் எழுதினர்.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இதன் அடிப்படை புதுமையாகத் தோன்றாது. மொழிமுதல் வரும் எழுத்து இவை, இறுதி நிற்பன இவை என மொழிமரபினும், எம்மெய்யுடன் எம்மெய் மயங்கும் என நூன்மரபினும் தொல்காப்பியர் வரையறுத்தார். ரகரமும் ழகரமும் தம்முடன் தாம் மயங்கா என்பதும், டகரமும் ரகரமும் லகரமும் ழகரமும் சொல்லின் முதலில் நில்லா என்பதும், இக்காலத்தார் மொழியில் கூறின், சில ஈரெழுத்துக் கோவைகளின் வருகை சுழி என்பதேயாம். வெற்றிடத்தையும் ஓர் எழுத்தாகக் கொண்ட காவ்நர் முதலியோர் மொழிமுதல், மொழியிறுதி என்னும் நம் பாகுபாட்டையே தம்மை அறியாது ஆண்டனர் எனலாம். சீன மொழியை ரோமன் எழுத்தில் எழுதுங்கால் ‘இசட்’, ‘எச்’ என்னும் ஈரெழுத்தும் இணைந்து சொன்முதலிற் பெரிதும் வரும். தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவோர் அவ்விணையை ழகரத்திற்கு ஆளுதலின், அது சொல்லின் இடையினும் இறுதியினுமே வரும். இணை ஒன்றே; நிற்கும் இடம் மொழியைக் காட்டிக்கொடுக்கிறது. எனினும், தமிழையும் மலையாளத்தையும் பிரித்தறிய இக்குறிப்பு உதவாது. ஆண்டு விகுதிகளையும் இடைச்சொற்களையும் காட்டும் வேறு கோவைகளே துணையாவன.

ஆயினும் இலக்கண விதிக்கும் இவ்வெண்ணிக்கைக்கும் அடிப்படையானதொரு வேறுபாடு உண்டு. இலக்கணம் வரும், வாராது என இரண்டாகப் பகுக்கும். எண்ணிக்கை எத்துணை வரும் என அளக்கும். உரையாசிரியர் கொண்ட பாடத்தின்படி, சகரம் அகரத்தோடு கூடி மொழிமுதல் ஆதலைத் தொல்காப்பியர் விலக்கினார். நன்னூலார் அதனை ஏற்றார். இற்றை நாள் செய்தித்தாளில் டாக்டர், ரயில், லாரி என்பன பத்திதோறும் வருகின்றன. தொல்காப்பிய விதியை எழுத்தளவிற் பின்பற்றும் பொறியொன்று அப்பத்தியைத் தமிழன்று எனத் தள்ளிவிடும். வாய்ப்பளவைகளை ஒன்றோடொன்று பெருக்கி விடை காணும் முறைகளுக்கும் இவ்விடர் உண்டு: பயிற்சியுரையில் ஒருமுறையும் காணாத கோவைக்குச் சுழி என மதிப்பிட்டால், பெருக்கற்பயன் முழுவதும் சுழியாகும். ஆதலின், காணாத கோவைக்கும் மிகச் சிறியதொரு மதிப்பைத் தந்து வைப்பர். ‘வாராது’ என்பதை ‘அரிதாக வரும்’ எனத் திருத்திக்கொள்ளும் இச்செயல் ‘கடிசொல் இல்லை காலத்துப் படினே’ என்பாரது மனப்பான்மைக்கு நெருங்கியதாக எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்மொழியைப் பொறுத்தவரை, இவ்வெண்ணிக்கை பெரும்பாலும் வேண்டப்படுவதே இல்லை. யூனிகோடு குறியேற்றத்தில் தமிழ் எழுத்துக்கென 128 இடங்கள் கொண்ட தனித்தொகுதி உள்ளது. அத்தொகுதிக் குறிகள் ஓர் உரையில் நிறைந்திருப்பின், அது தமிழெனப் பொறி உடனே துணிந்துவிடும். தேவநாகரிக்கு இவ்வெளிமை இல்லை. இந்தி, மராத்தி, நேபாளி முதலிய பல மொழிகள் அவ்வெழுத்தைப் பகிர்ந்துகொள்வதால், இந்தியின் ‘ஹை’, மராத்தியின் ‘ஆஹே’ போன்ற வினைமுற்றுகள் எங்ஙனம் பயில்கின்றன என எண்ணியே தீரவேண்டும். குரோவாசியம், செர்பியம், பாசுனியம் ஆகியவற்றை வேறுபிரித்தல் இன்னும் கடிது. இத்தகைய நெருங்கிய மொழிகளைப் பிரித்தறிதற்கென்றே 2014ஆம் ஆண்டு முதல் அறிஞர்தம் கூட்டுப்போட்டிகள் நடத்தப்பெற்றன.

தனியெழுத்து உடைமை தமிழுக்கு அரண் எனின், அவ்வரணுக்குள்ளே வாழும் பிறமொழிகளுக்கு அதுவே சிறையாகிறது. மதுரை முதலிய ஊர்களில் வழங்கும் சௌராட்டிரம் இந்தோ-ஆரிய இனத்தது. 2011ஆம் ஆண்டின் மக்கட் கணக்கெடுப்பின்படி, அதனைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர். அதற்குத் தனியெழுத்து உண்டு. அவ்வெழுத்து 2008ஆம் ஆண்டில் யூனிகோடிலும் இடம்பெற்றது. எனினும், தமிழ் எழுத்தில் அதனை எழுதுவோரும் பலர். நீலகிரியின் படக மொழியும் தமிழ் எழுத்தில் எழுதப்படுவதுண்டு. இவற்றை ஒரு பொறியின்முன் இட்டால் என்னாகும்? பேஸ்புக் நிறுவனத்தார் வெளியிட்டுப் பலரும் பயன்படுத்தும் கருவியொன்று 176 மொழிகளை அறியும். சௌராட்டிரமும் படகமும் அவற்றுள் இல்லை. ‘யான் அறியேன்’ என்னும் விடை அக்கருவிக்கு இல்லாமையால், 176இல் ஒன்றை அது கூறியே தீரும். எழுத்து தமிழாதலின், விடையும் தமிழ் என்றே பெரும்பாலும் வரும். அதுவும் மிக்க உறுதியுடன். பொறியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. மேற்கூறிய மக்கட் கணக்கெடுப்பே படக மொழியினரைக் கன்னடத்தின்கீழ் அடக்கித்தான் தொகை தருகிறது.

இனி, ஒரு சிறுமொழியைக் கருவியின் பட்டியலிற் சேர்த்துவிட்டால் இடர் தீருமோ எனின், தீராது. ஈண்டுச் சிறிது கணக்கு வேண்டும். இணையத்திலிருந்து 10 கோடித் தொடர்கள் திரட்டப்பெற்றன எனவும், அவற்றுள் ஒரு சிறுமொழிக்குரியன 1,000 எனவும் கொள்வோம். கருவி மிகச் சிறந்தது. அம்மொழித் தொடர்களில் நூற்றுக்கு 99ஐக் கண்டுபிடிக்கும். பிறமொழித் தொடர்களில் பதினாயிரத்துக்கு ஒன்றை மட்டுமே தவறாக அம்மொழியினதெனக் கூறும். இவ்வளவு திறம் இருந்தும் நிகழ்வது யாது? மெய்யாகக் கிடைத்தவை 990. தவறாகச் சேர்ந்தவை, 10 கோடியைப் பதினாயிரத்தால் வகுக்க, 10,000. ஆகவே, அம்மொழியின் பெயரால் தொகுக்கப்பட்ட 10,990 தொடர்களில் அம்மொழிக்குரியன நூற்றுக்கு 9 மட்டுமே. எஞ்சியவை பிழைபட்ட ஆங்கிலமும், விளம்பரத் துணுக்கும், குறியேற்றம் சிதைந்த எழுத்துகளுமாக இருக்கும். தமிழ், இந்தி போன்ற பெருமொழிகளின் தொகுப்பில் இதே 10,000 பிழை கலந்தாலும், இலட்சக்கணக்கான நல்ல தொடர்களிடையே அது கரைந்துபோம். கருவியின் திறம் ஒன்றே. விளைவோ மொழியின் அளவுக்கேற்ப மாறுகிறது. நூற்றுக்கு 99 எனும் புகழுரையைக் கேட்குந்தோறும், எம்மொழிக்கு, எத்துணைப் பெருங்குவியலில், என வினவுதல் வேண்டும்.

இது வெறுங் கணக்கன்று. பொதுப்பயனுக்கென வெளியிடப்பெற்ற ஐந்து பெருந்தொகுப்புகளிலிருந்து 205 மொழித்தொகுதிகளை எடுத்து, பல நாட்டு அறிஞர் நேரிற் படித்துச் சோதித்து, 2022ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். குறைந்தது 15 தொகுதிகளில் பயன்படத்தக்க உரை ஒரு சிறிதும் இல்லை. மற்றும் பலவற்றில் ஏற்கத்தக்க தொடர்கள் பாதிக்கும் குறைவு. குறையுற்றவை பெரும்பாலும் சிறுமொழிகளின் தொகுதிகள். இத்தகைய தொகுப்பைக் கொண்டு மொழிபெயர்ப்புப் பொறி செய்வோர், அம்மொழி அறியாதவராயின், தம் பொறி கற்றது யாதென்பதை அறியவே இயலாது. மேலும், பொறியின் பிழைபட்ட உரை மீண்டும் இணையத்தில் ஏறி, அடுத்த தொகுப்புக்கு உணவாகும். ஏடெழுதுவோர் பிழை அடுத்த படிக்குச் சென்று பாடமாக வேரூன்றியதைப் பதிப்பாசிரியர் அறிவர். இங்கும் அஃதே நிகழ்கிறது, விரைவொன்றே வேறு.

குறையை நீக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குளோட்லிட்’ என்னும் கருவி 1,665 மொழிகளை அறியுமாறு அமைக்கப்பட்டது. மிகப் பல சிறுமொழிகளுக்கு எழுத்துரையாகக் கிடைப்பன சமயநூல் மொழிபெயர்ப்புகளே ஆதலின், அவற்றின் எழுத்துக்கோவை வரிசையும் அந்நடையையே காட்டும். அம்மொழியில் ஒருவர் எழுதும் கடிதத்தையோ பாடும் தாலாட்டையோ அவ்வரிசை அத்துணை எளிதில் இனங்காணாது. பல்வகை நடையும் அடங்கிய உரைகளைச் சேர்த்தல் களப்பணியாளராலேயே இயல்வது. அங்ஙனம் சேர்க்குங்கால் எழுத்துமுறையையும் உடன் கருதுதல் வேண்டும். சௌராட்டிரத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுவோர், தமிழில் இல்லாத ஒலிகளைக் காட்ட, எழுத்தின் மேற்புறத்துச் சிற்றெண்களையும் முக்காற்புள்ளியையும் இடும் வழக்கம் உண்டு. தமிழ் உரையில் அவை அத்துணைப் பயிலாமையால், சௌராட்டிரத்தை இனங்காட்டும் தலைசிறந்த குறி அவையே ஆதல் கூடும். ஆனால், உரையை எண்ணத் தொடங்குமுன் எண்களையும் நிறுத்தக்குறிகளையும் நீக்கிவிடுதல் 1994ஆம் ஆண்டின் அம்முறையிலேயே முதற்படியாக வகுக்கப்பட்டது. பின்வந்தோர் பலரும் அதனையே பின்பற்றினர். எண்ணப்படுதற்கு முன்பே அச்சிற்றெண்கள் துடைக்கப்பட்டுவிடுகின்றன. துடைத்தபின் எஞ்சும் உரை, பொறியின் கண்ணுக்குத் தமிழாகவே நிற்கிறது.