ஆங்கில நிலக்காட்சி ஓவியத்தில் ஒல்லாந்தர் செல்வாக்கு

'லேண்ட்ஸ்கேப்' என்னும் சொல் ஆங்கில மண்ணில் முளைத்ததன்று. 'லாண்ட்ஸ்காப்' என்னும் டச்சுச் சொல்லை ஓவியர்தம் தொழிற்சொல்லாக ஏறத்தாழ 1600-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேயர் கடன் பெற்றனர். முதற்கண் அது நிலத்தை வரைந்த படத்தையே குறித்தது. கண்முன் விரிந்து கிடக்கும் நிலத்திற்குப் பெயரானது அதன் பின்னரே. படத்தைக் கண்ட பிறகே ஆங்கிலேயர் தம் நிலத்தைக் காணக் கற்றனர் என்று இதனைக்கொண்டு கூறின் அது சற்று மிகையாகலாம். ஆயினும் அம்மிகையுள்ளும் ஓர் உண்மை உண்டு என்பதையே நாம் ஈண்டுக் காட்ட விழைகின்றோம்.

ஒல்லாந்தர் நமக்குப் புதியவரல்லர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை அமைத்துத் துணி வாணிகம் நடத்தியவர் அவரே. 17-ஆம் நூற்றாண்டில் கடல் வாணிகத்தால் செழித்த அவர்தம் தாயகத்தில், சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றியமையால் தேவாலயச் சுவர்களில் ஓவியங்களுக்கு இடமில்லாது போயிற்று. ஓவியரைப் புரக்கும் பொறுப்பு வணிகர்க்கும் நடுத்தரக் குடும்பத்தார்க்கும் வந்து சேர்ந்தது. அவர்கள் தம் வீட்டுச் சுவரில் மாட்ட விரும்பியவற்றுள் தம் ஊர்ப்புறத்துக் காட்சியும் ஒன்று. அந்நிலத்தின் பெரும்பகுதி நீரோடு போராடிப் பெற்றதன்றோ! பீம்ஸ்டர் என்னும் பெரிய ஏரி 1612-இல் காற்றாலைகளின் துணையால் வற்றச்செய்யப்பட்டு விளைநிலமாயிற்று. மலையற்ற தட்டை நிலமாதலின் அடிவானம் தாழ்ந்து நிற்க, படத்தின் பெரும்பகுதியை வானமே ஆட்கொண்டது. யாக்கப் வான் ராய்ஸ்டால் வரைந்த ஹார்லெம் நகர்க் காட்சிகளில், வெளுப்பதற்காகப் புல்வெளியில் விரித்த துணிகள் கீழே கிடக்கின்றன. மேலே முகிற்கூட்டம் மலைபோல் எழுகின்றது. மாந்தர் எறும்பளவினர். முதற்பொருள் என்று தமிழ் பயில்வோர் வழங்கும் நிலமும் பொழுதுமே இவ்வோவியங்களில் தலைமை பெறுகின்றன.

இக்கலை இங்கிலாந்தை அடைந்த வரலாறு சுவையானது. மூன்றாம் ஆங்கில-டச்சுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1672-73 குளிர்காலத்தில், வில்லெம் வான் டெ வெல்டெ என்னும் ஒரே பெயருடைய தந்தையும் மகனும் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தனர். டச்சுக் கடற்படையை வரைந்த கைகள் அவை. இரண்டாம் சார்லசு மன்னர் 1674-இல் இருவர்க்கும் தனித்தனியே ஆண்டுக்கு 100 பவுன் ஊதியம் வகுத்து, கிரீனிச்சில் பணியிடமும் தந்தார். கடற்போர்களைக் கோட்டுருவாக வரைவது தந்தையின் பணி. அவற்றிற்கு வண்ணம் தீட்டுவது மகனின் பணி. பகைநாட்டுக் கலைஞரை அரசனே விரும்பி அமர்த்திக்கொண்டமை எண்ணத்தக்கது. ஆங்கிலக் கடலோவியம் பிறந்தது இவர்களிடத்தேதான். 1801-இல் டர்னர் வரைந்த புயற்கடல் ஓவியமும், பிரிட்ஜ்வாட்டர் கோமகனிடமிருந்த இளைய வெல்டெயின் படம் ஒன்றிற்கு இணையாக வரைந்து தரப்பட்டதே.

நிலத்தின் கதை வேறு. 1768-இல் தோன்றிய ராயல் அகாதெமியின் தலைவர் ரெய்னால்ட்சு, வரலாற்று ஓவியத்தையே உயர்ந்ததாக வைத்தார். நிலக்காட்சி வரைவோரும் இத்தாலிய ஒளியில் குளித்த பழங்கோயில்களைச் சேர்த்தாலன்றி மதிப்புப் பெறுவது அரிது. சேற்றுப் பாதையும் பட்ட மரமும் ஓவியப் பொருளாகுமா என்பது அக்காலத்து வினா. ஆகும் என்று காட்டியவை டச்சுப் படங்களே.

சஃபோக் மாவட்டத்துக் கெய்ன்ஸ்பரோ, ராய்ஸ்டாலின் காட்டுக் காட்சி ஒன்றைச் சுண்ணக்கோலால் பார்த்து வரைந்து பழகியவர். 1748-இல் நிறைவுற்ற 'கார்னர்ட் காடு' என்னும் அவரது படத்தில் மரமும் வண்டித்தடமும் டச்சுப் பாங்கின, ஊர் அவருடையது. உருவப்பட ஓவியராகப் பெரும்புகழ் எய்திய பின்னரும், தம் இறுதி ஆண்டாகிய 1788-இல் நாரிச்சைச் சார்ந்த தாமஸ் ஹார்வி என்பார்க்கு எழுதிய மடலில், சிறு டச்சுக் காட்சிகளைத் தாம் போலச்செய்த இளமை நாள்களை அன்போடு நினைவுகூர்ந்தார். அதே ஹார்வியின் இல்லத்துப் படங்களைக் கண்டு கற்றவர் ஜான் குரோம். வண்டிகளுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் வண்ணம் பூசும் தொழிலில் பயின்ற அவர், ஹொப்பெமாவைத் தம் ஆசானாகவே கொண்டாடினார். 1803-இல் நாரிச்சில் எழுந்த ஓவியர் சங்கத்தின் தலையூற்று அவரே.

எனினும், டச்சுக் கல்வி முழுமையாகக் கனிந்தது ஜான் கான்ஸ்டபிளிடம் என்பதே நம் கருத்து. அவர் தந்தையார் ஆலை உரிமையாளர். நீராலையும் காற்றாலையும் குடும்பச் சொத்து. இளமையில் மகனும் அத்தொழிலில் உழைத்தார். 1832-இல் ராபர்ட் பீல் வசமிருந்த ராய்ஸ்டாலின் பனிக்காலக் காட்சி ஒன்றை அவர் பார்த்து வரைந்தார். 1836-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அப்படத்தை அவர் விளக்கிய முறை வியப்பூட்டுவது.

அப்படத்தில் இரண்டு காற்றாலைகள் உள்ளன. ஆலையைக் காற்று வரும் திசைக்கு எதிர்முகமாகத் திருப்பி, இறக்கைகளில் பாய்த்துணி விரித்து ஓட்டுவது வழக்கம். பணி முடிந்ததும் துணியைச் சுருட்டிவிடுவர். ஆலையின் முகம் நின்ற திசையிலேயே நிற்கும். ஓர் ஆலையில் துணி சுருட்டப்பட்டிருக்கின்றது; மற்றதில் துணி விரிந்திருக்கின்றது, அதன் முகமோ வேறு திசை. ஆகவே காற்று மாறிவிட்டது. புதுக்காற்று வரும் பக்கத்தில் முகில் விலகுகின்றது. வானின் ஒளிகொண்டு அது தென்திசை என அறியலாம். தென்காற்று வீசுவதால் விடிவதற்குள் பனி உருகும். இவ்வளவையும் கான்ஸ்டபிள் படத்திலிருந்தே படித்துக் காட்டினார். தாம் வரைவது இன்னதென ராய்ஸ்டால் அறிந்திருந்தார் என்பது அவர் துணிபு. ஆலைக்காரர் மகனன்றி வேறு யார் இதனைக் கண்டிருப்பார்?

ஆயினும் அவர் கண்மூடிப் போற்றியவரல்லர். இடிபாட்டால் முதுமையையும் ஓடையால் வாழ்க்கைப் போக்கையும் உணர்த்த ராய்ஸ்டால் முயன்ற படத்தை அவர் அதே சொற்பொழிவுகளில் குறை கூறினார். அப்பொருளைக் காண்போர் எவ்வாறு அறிவர் என்பது அவர் வினா. காற்றாலை தானே பேசுகின்றது. உருவகத்திற்கோ உரைகாரர் வேண்டியிருக்கின்றது.

இக்கண்ணோடுதான் அவர் 1821, 1822 ஆண்டுகளில் ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று வானத்தை மட்டும் வரைந்து, அவற்றுட் பலவற்றின் பின்புறம் நாளும் நேரமும் காற்றின் திசையும் குறித்து வைத்தார். தந்தையின் ஃபிளாட்ஃபோர்டு ஆலையருகே ஸ்டவர் ஆற்றைக் கடக்கும் வண்டியைக் காட்டும் பேரோவியத்தை 1821-இல் காட்சிக்கு வைத்தபோது அதற்கு அவர் இட்ட பெயர் 'நிலக்காட்சி: நண்பகல்' என்பது. 1824-இல் பாரிசுக் கண்காட்சியில் அது பொற்பதக்கம் பெற்றது. 'வைக்கோல் வண்டி' என்று இன்று அறியப்படும் அவ்வோவியமும், கெய்ன்ஸ்பரோவின் கார்னர்ட் காடும், ஹொப்பெமா 1689-இல் வரைந்த மிடல்ஹார்னிஸ் சாலையும் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ஒரே கூரையின்கீழ் உள்ளன.