கற்கும் நகரங்கள் – 6: தண்ணீர்த் தொட்டியடியில் வகுப்பறை

கொலம்பியாவின் இரண்டாவது பெரிய நகரம் மெதெயின். ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. உள்நாட்டுச் சண்டைக்குத் தப்பிக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள், மலைச்சரிவில் கிடைத்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டன. 1991-ல், போதைப்பொருள் கும்பல்களின் மோதல் உச்சத்தில் இருந்தபோது, லட்சம் பேருக்குச் சுமார் 380 பேர் என்ற கணக்கில் அங்கே கொலைகள் நடந்தன.

அந்த நகரம் மீண்டெழப் பற்றிக்கொண்டவற்றில் முக்கியமானது நூலகம். அதில் மெதெயினுக்குப் பழைய அனுபவம் உண்டு. யுனெஸ்கோ உதவியுடன் அமைந்த முன்னோடிப் பொது நூலகங்களில் முதலாவது 1951-ல் டெல்லியில் திறக்கப்பட்டது. இரண்டாவது 1954-ல் மெதெயினில்.

2004-ல் மேயரான செர்ஹியோ ஃபஹார்தோ கணிதப் பேராசிரியர். ஊரிலேயே அழகான கட்டடங்கள் ஊரிலேயே ஏழ்மையான பகுதிகளில் எழ வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்படி எழுந்தவைதான் நூலகப் பூங்காக்கள். அவற்றுள் ஒன்று, லா லாதேரா என்ற பகுதியில் பழைய சிறைச்சாலை இருந்த இடத்திலேயே அமைந்தது. அங்கே புத்தகம் ஒரு பகுதிதான். கணினி அறை, பயிற்சி வகுப்புகள், குழந்தைகளுக்கான கூடம், அரங்கம் எல்லாம் உண்டு. பள்ளியைப் பாதியில் விட்டவரும் பேரப்பிள்ளையோடு வரும் பாட்டியும் ஒரே வாசலில் நுழையலாம். நகராட்சியின் முதலீட்டு நிதியில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்பதை அந்தந்த வட்டார மக்களே தீர்மானிக்கும் முறையும் இதே காலத்தில் வந்தது. பல வட்டாரங்கள் அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு ஒதுக்கின.

ஆனால் மெதெயினின் சிறந்த பாடம் அதன் தண்ணீர்த் தொட்டிகளில்தான் இருக்கிறது. நகரத்தின் இரவு விளக்கொளியை வரைபடமாக்கிப் பார்த்தபோது, நெரிசலான குடியிருப்புகளுக்கு நடுவே இருண்ட திட்டுகள் தெரிந்தன. ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே கட்டப்பட்ட தொட்டிகள் அவை. வீடுகள் பெருகி அவற்றைச் சூழ்ந்துகொண்டன. சுற்றிலும் வேலி. விளையாட இடமில்லாத பிள்ளைகள் வெளியே, வெற்றுநிலம் உள்ளே.

தொட்டிகளின் உரிமையாளர் ஈ.பி.எம். என்ற நகராட்சி நிறுவனம். அது தன் லாபத்தில் பெரும்பங்கை ஆண்டுதோறும் நகராட்சிக்கே கொடுக்கிறது. எனவே நிலமும் கைவசம் இருந்தது, பணமும் இருந்தது. வேலியை எடுப்பதற்கு முன்பு அக்கம்பக்கத்தாரை அழைத்து, அந்த இடத்தில் என்ன வேண்டும் என்று வரையச் சொன்னார்கள், எழுதச் சொன்னார்கள். அதன் அடிப்படையில்தான் வகுப்பறைகளும் திறந்தவெளி அரங்குகளும் நீரூற்றுகளும் வந்தன. ‘ஊவா’ என்று அழைக்கப்படும் இந்த மையங்கள் 2014 முதல் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன.

எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. சாந்தோ தொமிங்கோ மலைச்சரிவில் 2007-ல் திறக்கப்பட்டு உலகப் பத்திரிகைகள் படம்பிடித்த எஸ்பாஞா நூலகம், கட்டுமானக் கோளாறுகளால் பத்தாண்டுகளுக்குள்ளாகவே மூடப்பட்டது. மக்களைக் கேட்டுக் கட்டுவதைப் போலவே, கட்டியதைப் பராமரிப்பதற்கும் நகரம் பணம் எடுத்துவைக்க வேண்டும்.

2019-ல் யுனெஸ்கோவின் கற்கும் நகரங்கள் மாநாடு மெதெயினில்தான் நடந்தது. அந்த ஆண்டு கற்கும் நகர விருது பெற்ற பத்து நகரங்களில் அதுவும் ஒன்று.