கொங்கு வீட்டில் ஒரு மார்மன் குழந்தை

மார்மன்கள் என்று உலகம் அழைத்துப் பழகிய கிறிஸ்தவப் பிரிவினர் அந்தப் பெயரை இப்போது விரும்புவதில்லை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயரால் தங்களைக் குறிப்பிட வேண்டும் என்று அச்சபையின் அன்றைய தலைவர் ரசல் எம். நெல்சன் 2018-இல் கேட்டுக்கொண்டார். 1830 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய இச்சபை, விவிலியத்தோடு மார்மன் புஸ்தகம் என்ற நூலையும் வேதமாகக் கொள்வதால் அந்தப் பட்டப்பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது. இந்தியா முழுவதிலும் சுமார் 15,000 பேரே உறுப்பினர்களாக உள்ள இச்சபைக்குக் கோவையில் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ஒரு சமயத்தை அதன் கோட்பாட்டு நூல்களைக் கொண்டு அறிவதைவிட, அது தன் குழந்தைகளை எப்படி வளர்க்கிறது என்பதைக் கொண்டு அறிவதே நெருக்கமான அறிதல் என்பதால், இந்த வாரப் பகுதி அச்சபைக் குடும்பங்களின் சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பற்றியது.

தமிழ்நாட்டுக்கும் இச்சபைக்கும் ஏற்பட்ட முதல் தொடர்பிலேயே குழந்தைகளின் வரலாறு கலந்திருக்கிறது. 1853-இல் சென்னைக்கு வந்து இறங்கிய மிஷனரிகளில் ஒருவரான ரிச்சர்ட் பாலன்டைன், ஸ்காட்லாந்தில் பிறந்து ரொட்டி சுடும் தொழில் பழகியவர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1849 டிசம்பரில், சபையின் தலைமையகம் அமைந்த சால்ட் லேக் நகரில் தாம் கட்டிய வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி, அந்நகரில் இச்சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவரும் அவரே. சென்னையில் ஓராண்டு பிரசங்கித்து, ஓர் இதழையும் அச்சிட்டு, உடல்நலம் குன்றி 1854-இல் அவர் திரும்பிச் சென்றபின், இப்பகுதியில் அந்த முயற்சி ஏறத்தாழ முற்றிலும் மறைந்துபோயிற்று. நூறாண்டுகளுக்கு மேல் கழிந்து, கோவையில் சிமெண்ட் நிறுவன ஊழியராக இருந்த பால் திருத்துவதாஸ் என்பவர், தம் கைக்குக் கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு, சால்ட் லேக் நகருக்குத் தாமாகவே கடிதம் எழுதி விசாரித்து, 1965-இல் ஞானஸ்நானம் பெற்றார். மிஷனரிகள் தேடி வந்து சேர்த்துக்கொண்டவர் அல்லர் அவர். தாமே தேடிச் சென்றவர் என்பதும், ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே தம் முதற்பணியாகக் கொண்டார் என்பதும் கோவைச் சபையின் தொடக்கத்தைப் பற்றிக் கவனிக்கத்தக்க செய்திகள்.

இச்சபையின் உள்ளூர்க் கூட்டங்களில் ஊதியம் பெறும் குருமார் கிடையாது. கிளை எனப்படும் சிறிய உள்ளூர்ச் சபையின் தலைவர் வாரநாட்களில் வேறு வேலைக்குச் சென்று பிழைப்பவர். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களும் உறுப்பினர்களிடையே மாறி மாறிப் பகிர்ந்தளிக்கப்படுபவை. ஆகவே வழிபாட்டின் பொறுப்பு முழுவதும் குடும்பங்களின் மீது விழுகிறது. மூன்று வயதுப் பிள்ளையும் அதிலிருந்து தப்புவதில்லை. இக்குடும்பங்களில் நிகழும் வேடிக்கைகள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறக்கின்றன, ஏனெனில் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் பணியைக் குழந்தையிடம் கொடுத்தால் அதைக் குழந்தை தன் வழியில்தான் செய்து முடிக்கும்.

திருவிருந்துக் கூட்டம் எனப்படும் ஞாயிறு வழிபாடு சுமார் ஒரு மணி நேரம் நடப்பது. அதில் கைக்குழந்தை முதல் முதியவர் வரை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். கிறிஸ்துவின் உடலையும் இரத்தத்தையும் நினைவுகூரும் அச்சடங்கில் திராட்சை ரசத்துக்குப் பதிலாகத் தண்ணீரே வழங்கப்படுகிறது; பிய்த்த ரொட்டித் துண்டுகள் தட்டில் வரிசை வரிசையாக வரும்போது, அவற்றைக் குழந்தைகளும் எடுத்துக்கொள்ளலாம். காலையில் சரியாகச் சாப்பிடாமல் வந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு அது உணவாகவே தெரியும் என்பதால், ஒரு துண்டுக்குப் பதில் கைநிறைய அள்ளிக்கொள்வதும், இன்னும் வேண்டும் என்று மௌனமான அவையில் உரக்கக் கேட்பதும், தட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தவுடன் அழத் தொடங்குவதும் உலகெங்கும் இச்சபைப் பெற்றோர் அறிந்த சங்கடங்கள். அந்த நேரத்தில் தாயோ தகப்பனோ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிவாசலுக்கு நடப்பதை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. குழந்தைகளின் சத்தம் இல்லாத கூட்டத்தை இச்சபையார் வளரும் கூட்டமாக எண்ணுவதில்லை.

ஜெபத்தின்போது இக்குழந்தைகள் மற்ற கிறிஸ்தவப் பிள்ளைகளைப் போல உள்ளங்கைகளைக் கூப்பாமல், இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டி, தலை குனிந்து, கண் மூடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவரின் தலைமுடியை இழுக்காமல் கைகளை அடக்கிவைக்கும் எளிய உபாயமாகவும் அது பயன்படுகிறது. பள்ளியில் ஆசிரியர் முன்னும் வீட்டில் பெரியவர் முன்னும் கைகட்டி நிற்கும் பழக்கத்தைப் பார்த்து வளரும் கொங்கு நாட்டுப் பிள்ளைக்கு, அமெரிக்கப் பெற்றோர் பாடுபட்டுப் பழக்க வேண்டிய இந்த நிலை முயற்சியின்றியே வந்துவிடுகிறது. கண்களை மூடி வைத்திருப்பதுதான் எந்த நாட்டுக் குழந்தைக்கும் கைகூடாத காரியம். தம்பி கண் திறந்திருந்தான் என்று அக்காள் ஜெபம் முடிந்தவுடன் புகார் செய்தால், அவள் அதை எப்படிக் கண்டாள் என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருப்பதில்லை.

மூன்று வயது முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் நடக்கும் ஆரம்ப வகுப்பு என்ற அமைப்பு, சேட்டைக்காரச் சிறுவர்களைப் பற்றிய ஒரு தாயின் கவலையிலிருந்து தோன்றியது. யூட்டாவின் ஃபார்மிங்டன் ஊரில் வாழ்ந்த அரேலியா ரோஜர்ஸ், கட்டுப்பாடின்றித் தெருவில் திரியும் ஆண்பிள்ளைகள் நல்ல கணவர்களாக வளர்வார்களா என்று வருந்தி, அவர்களுக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்று கேட்டார். பெண்பிள்ளைகளின் குரல் இல்லாமல் பாட்டு சிறக்காது என்பதால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு, 1878 ஆகஸ்ட் 25 அன்று 224 பிள்ளைகளுடன் முதல் கூட்டத்தை நடத்தினார். பாட்டுக்கு அன்று கொடுக்கப்பட்ட இடம் இன்றும் குறையவில்லை. ஆங்கிலத்தில் உள்ள குழந்தைகள் பாடல் நூலில், வசந்தத்தில் வெள்ளையாகப் பூத்த ஆப்ரிகாட் மரத்தைச் சோளப்பொரி பொரிந்த மரமாகக் காணும் பாடல் ஒன்று மிகவும் பெயர்பெற்றது. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் மக்காச்சோளக் காட்டைக் கண்ணாரக் கண்டு வளர்ந்தும் ஆப்ரிகாட் மரத்தைப் படத்தில்கூடப் பார்த்திராத பிள்ளைக்கு, சோளப்பொரி மரத்தில் காய்க்கும் என்று நம்பிவிடுவதில் தடை ஏதும் இல்லை. பனி பெய்யும் ஊரில் எழுதப்பட்ட பாடல்களை மட்டுமே கொங்குப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது போதாது. முருங்கையும் வேம்பும் பூக்கும் பாடல்கள் தமிழில் புதிதாக எழுதப்பட வேண்டும் என்பதே சரியான கருத்து.

வீட்டுக்குள் இச்சமயம் நடைபெறும் நாள் திங்கட்கிழமை. குடும்பமாக வாரத்தில் ஒரு மாலை கூடி ஜெபித்து, பாடி, பாடம் கேட்டு, விளையாட வேண்டும் என்று 1915-இல் சபைத் தலைமை அறிவுறுத்தியது; 1970-இல் உலகெங்கும் அதற்குத் திங்கட்கிழமை ஒதுக்கப்பட்டது. குடும்ப இல்ல மாலை எனப்படும் இக்கூட்டத்தில் பாட்டு, ஜெபம், பாடம், விளையாட்டு, தின்பண்டம் என்று ஒவ்வொரு பொறுப்பும் ஒருவருக்கு உரியது. பல வீடுகளில் இதற்கென ஓர் அட்டை தொங்கும், அதில் பெயர்கள் வாரந்தோறும் இடம் மாறும். தின்பண்டப் பொறுப்புக்குப் பிள்ளைகளிடையே போட்டியும், பாடம் நடத்தும் பொறுப்புக்குத் தயக்கமும் இயல்பே. ட்யூஷன், வீட்டுப்பாடம், மறுநாள் தேர்வு ஆகியவற்றுக்கிடையே கோவையின் நடுத்தரக் குடும்பம் ஒன்று இந்த மாலையைக் காப்பாற்றுவது எளிதான செயல் அன்று. பாடப் பொறுப்பு ஐந்து வயதுப் பிள்ளைக்கு வரும்போது, மார்மன் புஸ்தகத்தின் தொடக்கத்தில் வரும் நேபி என்ற இளையவனை அண்ணன்மார் கயிற்றால் கட்டிப்போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் சொந்த அண்ணனைப் பார்த்து விரலை நீட்டுவதும், தேங்காய் பன்னைப் பிரிக்கும்போது சமமாகப் பங்கிடவில்லை என்று வழக்கு எழுவதும், அமைதிக்காகக் கூடிய கூட்டம் சண்டையில் முடிவதும் அடிக்கடி நிகழ்பவை. அப்படி முடிந்த மாலைகளும் வீணானவை அல்ல, ஏனெனில் அடுத்த திங்களன்றும் அதே குடும்பம் அதே பாயில் கூடுகிறது. பிள்ளைகள் மனத்தில் தங்குவது அந்தக் கூடுதலே.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச ஞாயிறு. உடல்நலம் உள்ளவர்கள் அடுத்தடுத்த இரண்டு வேளை உண்ணாமலும் நீர் அருந்தாமலும் இருந்து, அந்த உணவின் மதிப்பையாவது ஏழைகளுக்காகச் சபையிடம் தருவது வழக்கம். சிறு குழந்தைகளுக்கு இது விதிக்கப்படவில்லை என்றாலும், பெரியவர்களைப் பார்த்துத் தானும் உபவாசம் என்று காலையில் உறுதியாக அறிவித்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு கொதிக்கும் மணம் வந்ததும் தன் உறுதியை மறுபரிசீலனை செய்யும் பிள்ளையை எவரும் குறைசொல்ல மாட்டார்கள். அன்றைய கூட்டத்தில் விரும்பியவர் எவரும் எழுந்து தம் நம்பிக்கையைச் சாட்சியாகச் சொல்லலாம் என்பதால், குழந்தைகளும் ஒலிபெருக்கியை நோக்கி ஓடுவார்கள்; தாய் காதில் சொல்லச் சொல்ல அதைத் திருப்பிச் சொல்லும் வழக்கம் பரவியபோது, பிறர் உதவியின்றிப் பேசும் வயது வரும்வரை சிறுவர் சாட்சிகளை வீட்டிலும் ஆரம்ப வகுப்பிலும் சொல்வதே நல்லது என்று 2002-இல் சபைத் தலைமை கடிதம் எழுதியது. சொந்தமாகப் பேசவிட்டால், அம்மாவையும் அப்பாவையும் பிடிக்கும் என்பதோடு, வீட்டு நாய்க்குட்டியையும் பிடிக்கும் என்றும் குழந்தை சேர்த்துச் சொல்லும். அதுவே உண்மையான சாட்சி.

கொங்கு நாட்டில் இக்குடும்பங்கள் சந்திக்கும் உண்மையான சோதனை காப்பியில்தான் இருக்கிறது. 1833-இல் ஜோசப் ஸ்மித் அறிவித்த ஞான வார்த்தை என்ற உணவு நெறி, மதுவையும் புகையிலையையும் விலக்குவதோடு சூடான பானங்களையும் விலக்குகிறது. அது தேயிலையையும் காப்பியையும் குறிக்கும் என்று சபை விளக்கியிருக்கிறது. ஒருபுறம் வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களும், மறுபுறம் வீட்டுக்கு வந்தவரை ஒரு வாய் காப்பியாவது குடிக்காமல் அனுப்பாத பண்பும் உள்ள கோவை வட்டாரத்தில், இந்நெறியைக் கடைப்பிடிப்பது ஒவ்வொரு திண்ணையிலும் விளக்கம் சொல்ல வேண்டிய செயல். பெரியவர்கள் வயிறு சரியில்லை என்று சொல்லி நாசூக்காகத் தப்பிக்கப் பார்க்கும் இடத்தில், பிள்ளைகளுக்கு அந்த நாசூக்கு தெரியாது. சபைக்கு வெளியே உள்ள அம்மிச்சி டம்ளரை நீட்டினால், "வேண்டாங்க அம்மிச்சி, காப்பி குடிக்கக் கூடாதுங்க, அப்பா சொன்னாங்க" என்று சொல்லிவிடுவார்கள். பேரப்பிள்ளைக்குக் காப்பி கொடுக்காதது அன்புக் குறைவாகத் தோன்றும் தலைமுறைக்கு அந்தப் பதில் சற்று வலிக்கவும் செய்யும். சுக்குக் காப்பி வந்தாலோ விசாரணை இன்னும் நீளும்: சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் மட்டும் போட்டுக் காய்ச்சுவதும் உண்டு, சிலர் சிறிது காப்பித்தூள் சேர்ப்பதும் உண்டு என்பதால், பெயரைக் கேட்டே பயந்த குழந்தை அடுப்படிக்குச் சென்று என்னென்ன போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே டம்ளரை வாங்கக்கூடும். தன் நெறியைத் தானே விசாரித்து அறியும் அக்குழந்தை, மனப்பாடமாகச் சொல்லும் பெரியவரைவிட அதை ஆழமாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

பிறந்த குழந்தைக்கு இச்சபையில் ஞானஸ்நானம் கிடையாது. தகப்பனும் வேறு சில ஆண்களும் வட்டமாக நின்று, நடுவில் குழந்தையைக் கைகளில் ஏந்தி, மெல்ல ஆட்டியபடியே பெயர் சொல்லி ஆசீர்வதிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தும் உறவினர் கூட்டத்தில் அந்த எளிமை ஒரு குறையாகப் பேசப்படுவதும் உண்டு. நன்மை தீமை அறிந்து பொறுப்பேற்கும் வயது எட்டு என்று இச்சபை கருதுவதால், ஞானஸ்நானம் அப்போதுதான். வெள்ளை உடையில் தண்ணீரில் இறங்கும் பிள்ளை முழுவதுமாக மூழ்கி எழ வேண்டும். இரண்டு சாட்சிகள் அருகில் நின்று கவனிப்பார்கள். கால் கட்டைவிரலோ, கூந்தலின் நுனியோ, உடையின் ஓரமோ நீருக்கு மேலே மிதந்துவிட்டால் சடங்கை மீண்டும் செய்ய வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கும் அச்சத்தில் கால் தானாக மேலே எழும்பிவிடும் என்பதால், இரண்டாம் முறை மூழ்கிய கதை பல குடும்பங்களில் பின்னாளில் பிரியத்தோடு சொல்லப்படுகிறது. 2019 அக்டோபர் முதல், ஞானஸ்நானம் பெற்ற எந்த உறுப்பினரும், சிறுவரும் பெண்களும் உட்பட, சாட்சியாக நிற்கலாம் என்று விதி மாறியிருக்கிறது. ஆகவே ஒன்பது வயது அக்காள் தம்பியின் கட்டைவிரல் மேலே தெரிந்தது என்று சொன்னால், அங்குள்ள பெரியவர்கள் அனைவரும் அவள் சொல்லைக் கேட்டாக வேண்டும். குழந்தையின் கண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்த சமயச் சடங்கு அரிது. இந்த மாற்றம் வரவேற்கத்தக்கது.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தரும் தசமபாகமும் பிள்ளைகளுக்கு இளமையிலேயே பழக்கப்படுகிறது. அப்புச்சி கொடுத்த பத்து ரூபாயில் ஒரு ரூபாயை உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கும் பிள்ளைக்கு அதனால் தசமக் கணக்கும் சேர்ந்து வந்துவிடுகிறது.

இத்தகைய குடும்பங்கள் கோவையில் எண்ணிக்கையில் சிறியவை. அவற்றின் பிள்ளைகள் பள்ளியிலும் உறவிலும் தங்கள் வழக்கங்களை நாள்தோறும் விளக்கிச் சொல்லிக்கொண்டே வளர்கிறார்கள். அப்படியொரு பிள்ளை இதைப் படிப்பவர்களின் வீட்டுக்கு வந்து காப்பி வேண்டாம் என்று சொன்னால், வற்புறுத்தாமலும் கேலி செய்யாமலும், காய்ச்சிய பாலோ நன்னாரி சர்பத்தோ கொடுத்து உபசரியுங்கள்.